நாகைக் கடலில் போர், லண்டனில் ஓவியம்! - அந்தச் சண்டையை நேரில் பார்க்காத கடல் ஓவியரின் கதை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி நோக்கி வடக்கே போகும் வழியில், கிழக்குப் பக்கம் கடலோரமாக இருக்கிறது மண்டபத்தூர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதியைச் சேர்ந்த மீனவ கிராமம். சுற்றிலும் தமிழ்நாடு, எதிரில் வங்கக் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டால், ஜூலை முதல் வாரத்தில் இந்தக் கடற்கரை முழுக்கத் தொழில் சூடுபிடித்திருக்கும்.

அதே ஜூலை முதல் வாரத்தில், 1782-ம் ஆண்டு, இந்தக் கடலில் 22 போர்க்கப்பல்கள் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன. சில மணி நேரத்தில் 255 பேர் இறந்துபோனார்கள். பாடப்புத்தகத்தில் பெரிதாக இடம்பிடிக்காத இந்தச் சண்டைக்கு 'நாகப்பட்டினம் கடற்போர்' என்று பெயர். இங்கே அதற்கு நினைவுக்கல் தேடினால் கிடைப்பது கடினம். ஆனால், இங்கிலாந்தில் கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இந்தப் போரைச் சொல்லும் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் டொமினிக் செர்ரெஸ்.

இதில் சுவாரஸ்யமான விஷயம் என்ன தெரியுமா? போர் நடந்தபோது செர்ரெஸ் இருந்தது லண்டனில். சண்டையை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. இன்னொன்று, அவர் பிறப்பால் ஒரு பிரெஞ்சுக்காரர். தன் சொந்த நாட்டுக் கப்பல்கள் அடிவாங்குவதை எதிரி நாட்டுக்காக வரைந்தவர்!

பாதிரியார் ஆக வேண்டியவர், மாலுமி ஆனார்

தென்மேற்கு பிரான்ஸில் ஓஷ் என்றொரு ஊர். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே வசதியான குடும்பத்தில் பிறந்த செர்ரெஸை, கிறிஸ்தவப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். பையனுக்கு அதில் விருப்பமில்லை. வீட்டைவிட்டு ஓடிப்போய் ஸ்பெயின் சென்றார். அங்கிருந்து தென் அமெரிக்கா செல்லும் கப்பலில் சாதாரண மாலுமியாக ஏறினார். தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு வணிகக் கப்பல் ஒன்றுக்குத் தலைவராகவும் உயர்ந்தார்.

1750-களில் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. அவர் சென்ற கப்பலை பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று பிடித்துவிட, கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். விடுதலையான பிறகும் ஊர் திரும்பவில்லை. லண்டனிலேயே தங்கி, கடல் காட்சிகளை வரைய ஆரம்பித்தார். அன்றைய இங்கிலாந்தின் சிறந்த கடல் ஓவியர்களில் ஒருவரான சார்லஸ் புரூக்கிங்கிடம் தொழில் பழகினார்.

அதன் பிறகு எல்லாமே ஏறுமுகம். 1768-ல் லண்டனில் 'ராயல் அகாடமி' என்ற கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். அந்தப் பட்டியலில் இருந்த ஒரே கடல் ஓவியர் அவர்தான். 1780-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கடல் ஓவியர் என்ற பதவியும் கிடைத்தது. கைதியாக வந்தவர், அரசரின் ஓவியராகிவிட்டார்!

கேமரா இல்லாத காலத்தின் 'நியூஸ் போட்டோ'

அந்தக் காலத்தில் கடற்படைத் தளபதிகளுக்கு இப்படிப்பட்ட ஓவியர்கள் ரொம்பவே தேவைப்பட்டார்கள். போர் நடப்பதோ ஆறு மாதப் பயணத் தொலைவில். புகைப்படம் கிடையாது. வெற்றி பெற்றேன் என்று கடிதம் எழுதினால் மட்டும் போதுமா? ஊர் பார்க்க வேண்டுமே! அதனால் தளபதிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஓவியர்களிடம் 'ஆர்டர்' கொடுத்தார்கள்.

பார்க்காத சண்டையை எப்படி வரைவது? சண்டையில் இருந்த அதிகாரிகள் சொன்ன தகவல்கள், அவர்கள் அவசரமாகக் கோடு போட்ட படங்கள், கப்பல்கள் எந்த இடத்தில் நின்றன என்று காட்டும் வரைபடங்கள், கப்பல் பதிவேடுகள்... இவைதான் மூலப்பொருள். 1762-ல் கியூபாவின் ஹவானா நகரை பிரிட்டிஷ் படை பிடித்தபோதும் இதுதான் நடந்தது. அங்கே இருந்த லெப்டினன்ட் பிலிப் ஆர்ஸ்பிரிட்ஜ் வரைந்து வந்த படங்களை அடிப்படையாக வைத்துத்தான், செர்ரெஸ் அந்தப் போரைப் பெரிய ஓவிய வரிசையாகத் தீட்டினார்.

இதற்கு நேர்மாறான ஓவியரும் இருந்திருக்கிறார். செர்ரெஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த டச்சுக்காரர், மூத்த வில்லெம் வான் டெ வெல்டே. சண்டை நடக்கும் கடலுக்கே சின்னப் படகில் போய், காகிதத்தில் வரைந்து வருவார். செர்ரெஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால், அவரிடம் இன்னொரு சொத்து இருந்தது. அவர் மாலுமியாக இருந்தவர். எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை இறக்குவார்கள், கயிறு எந்தப் பக்கம் இழுபடும், கப்பல் எவ்வளவு சாயும் என்பதெல்லாம் உடம்பால் தெரிந்தவர். கடற்படை அதிகாரிகள் அவரைத் தேடிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முகத்தில் ஜாடை தவறினால் மன்னிப்பார்கள். கயிறு தவறினால் மாலுமி மன்னிக்க மாட்டார்!

சண்டை எதற்கு?

இப்போது நம் கடலுக்கு வருவோம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதால், பிரிட்டனும் பிரான்ஸும் உலகம் முழுக்க மோதிக்கொண்டிருந்த நேரம் அது. 1778-லேயே பாண்டிச்சேரியையும் காரைக்காலையும் பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். 1739-ல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் காரைக்கால். அது கைமாறுவது அன்றைக்குப் புதிதல்ல. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்த நாகப்பட்டினமும் பிரிட்டிஷ் வசமானது.

மறுபக்கம், மைசூரின் ஹைதர் அலி பிரிட்டிஷாரோடு போரில் இருந்தார். அவருக்குத் துணையாக வந்தது பிரெஞ்சுக் கப்பற்படை. தளபதியின் பெயர் சுஃப்ரென். நாகப்பட்டினத்தைப் பிடித்தால் இந்தக் கரையில் காலூன்ற ஓர் இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதைத் தடுக்க நின்றவர் பிரிட்டிஷ் தளபதி எட்வர்டு ஹியூஸ்.

1782-லும் 1783-லுமாக இந்த இருவரும் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம் அருகே ஒன்று, இலங்கைக் கடலில் இரண்டு, நாகப்பட்டினம் அருகே ஒன்று, கடைசியாகக் கடலூரில் ஒன்று. ஐந்து சண்டைகளிலும் ஒருவர் கப்பலைக்கூட மற்றவர் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை.

ஜூலை 6: பகல் வரை ஒரு காற்று, அப்புறம் வேறொரு காற்று

ஜூலை 5-ம் தேதி சுஃப்ரென் நாகப்பட்டினத்தை நெருங்கினார். அன்று பிற்பகலில் அடித்த திடீர்க் காற்றில் 'அஜாக்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரங்கள் முறிந்தன. அது சண்டைக்கு லாயக்கில்லாமல் போக, இரண்டு பக்கமும் 11-க்கு 11 என்று கணக்கு சமமானது.

ஹியூஸ் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். உடனே நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி, இரவெல்லாம் கப்பல்களை ஓட்டி, காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பாய்மரக் கப்பல் காலத்தில் அதுதான் மிகப்பெரிய பலம். காற்றுக்கு மேல்பக்கம் இருப்பவர் நினைத்த நேரத்தில் பாய்ந்து வரலாம். கீழ்ப்பக்கம் இருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

6-ம் தேதி காலையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. 11 மணிவாக்கில் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. இரண்டு அணிகளும் நீண்ட வரிசையாக நின்று சுட்டுக்கொண்டன. பிரெஞ்சுக் கப்பல் 'பிரியான்' தன் நடுப் பாய்மரத்தை இழந்தது.

மதியம் ஒரு மணி நெருங்கும்போது, யாரும் சுடாத ஒரு குண்டு வந்து விழுந்தது போல எல்லாம் மாறியது. காற்று திசை மாறிவிட்டது! தெற்கு, தென்கிழக்குப் பக்கத்திலிருந்து கடல்காற்று அடிக்கத் தொடங்கியது. பாய்கள் பின்னுக்கு அமுங்க, இரண்டு பக்க வரிசைகளும் கலைந்தன. சில கப்பல்கள் ஒரு பக்கம் திரும்ப, மற்றவை வேறு பக்கம் திரும்பின. எதிரிக் கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சிக்கியவையும் உண்டு.

அந்தக் குழப்பத்தில்தான் அன்றைய நாடகத்தின் உச்சம். 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் சரணடைவதற்காகக் கொடியை இறக்கினார். ஆனால், அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. சண்டையைத் தொடர்ந்து, கப்பலை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். 'கொடி இறக்கிய கப்பலை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று ஹியூஸ் பிறகு கேட்டார். சுஃப்ரென் முடியாது என்றார். அந்தக் கப்பல் தலைவரையும், சரியாகச் சண்டை போடவில்லை என்று வேறு சிலரையும் பதவியிலிருந்து நீக்கினார்.

மாலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் நாகூருக்கும் இடையே நங்கூரம் போட்டன. பிரெஞ்சுக் கப்பல்கள் ஒதுங்கியது காரைக்காலுக்கு எதிரே. பிரிட்டிஷ் தரப்பில் 77 பேர் இறந்திருந்தார்கள், 233 பேருக்குக் காயம். பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் மரணம், 601 பேருக்குக் காயம். மறுநாள் சுஃப்ரென் கடலூருக்குப் புறப்பட்டார். நாகப்பட்டினத்தைப் பிடிக்கும் திட்டம் அத்தோடு முடிந்தது.

அந்த மதியக் காற்று யாருக்குத் தெரியும்?

ஆனி மாதத்தில் இந்தக் கரையில் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று மண்டபத்தூரில் கேட்டால், யாரும் புத்தகத்தைப் புரட்ட மாட்டார்கள். இரவிலும் காலையிலும் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் மேல்காற்று. கச்சான் என்பார்கள். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கரைக்கு வரும். இந்தக் கடல்காற்று ஒரு நாள் சீக்கிரம் வரும், ஒரு நாள் தாமதிக்கும். கச்சான் பலமாக இருந்தால் வராமலும் போகும். எப்போது வரும் என்று கணிப்பதில்தான் அனுபவம் இருக்கிறது.

ஐரோப்பியத் தளபதிகளுக்கும் கடல்காற்று என்ற ஒன்று தெரியாமல் இல்லை. ஆனால், அது சரியாக எந்த நிமிடத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. விளைவு, 22 கப்பல்களின் வரிசையும் நிமிடங்களில் குலைந்தது. ஹியூஸ் இரவு முழுக்க விழித்துப் பிடித்த அனுகூலம் அந்த நொடியில் கைவிட்டுப் போனது. பிரெஞ்சு வரிசையும் தப்பவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் இன்றுவரை வேறு வேறு மாதிரி எழுதுவதற்கு அந்த மதியக் காற்றும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

கிரீனிச் அருங்காட்சியகத்தின் ஓவியத் தொகுப்பை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். டொமினிக் செர்ரெஸ் என்ற பெயரைத் தேடினால் அவருடைய கடல் ஓவியங்கள் வரிசையாக வரும். செல்போனில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கும்போது, நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் கொடி. மன்னராட்சிக் காலத்து பிரெஞ்சுக் கடற்படையின் கொடி வெள்ளை. இன்று நாம் பார்க்கும் மூவர்ணக் கொடி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்தது. எனவே, அந்த ஓவியங்களில் வெள்ளைக் கொடியைப் பார்த்ததும் 'சரணடைந்துவிட்டார்கள் போல' என்று நினைக்க வேண்டாம். சரணடைவதன் அடையாளம், கொடியை இறக்குவதுதான்.

இரண்டாவது, புகை. பீரங்கிப் புகை எந்தப் பக்கம் நகர்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது. புகை யார் மேல் கவிகிறதோ, அவர் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறார்.

மூன்றாவது, பாய். புகை சொல்லும் திசையும் பாய் புடைத்திருக்கும் திசையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நல்ல கடல் ஓவியரைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான்.

நான்காவது, தண்ணீர். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். அதனால் ஓவியர் ஒரு நிறத்தை மற்றொன்றோடு குழைக்கலாம். காய்ந்த பிறகு அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சை அடுக்கடுக்காகக் கொடுக்கலாம். அலைக்குள் வெளிச்சம் புகுந்து வருவது போன்ற தோற்றம் அப்படித்தான் கிடைக்கிறது. கடலை வரைய எண்ணெய் வண்ணம் அவ்வளவு பொருத்தமாக அமைந்ததன் ரகசியமும் இதுவே.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

கப்பல், கயிறு, கொடி எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லும் இந்தப் போர் ஓவிய மரபு, ஒரு விஷயத்தைச் சொல்வதே இல்லை. சண்டை நடந்த கடல் யாருடைய தொழில்கடல்?

சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். கரையை மோதும் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோக வேண்டுமானால், உள்ளூர்ப் படகோட்டிகளின் சலங்கும் கட்டுமரமும்தான் ஒரே வழி. மழைக்காலம் வந்தால் இந்தத் திறந்த கரையில் நிற்க முடியாது என்பதால்தான் சுஃப்ரென் அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். இந்தக் கடல் இரண்டு பேரரசுகளையும் அப்படி ஆட்டிவைத்தது. அதைத் தினமும் சமாளித்தவர்களோ, போர் ஓவியத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஆங்கிலத்துக்கு 'கட்டமரான்' என்ற சொல் போய்ச் சேர்ந்தது. அதில் ஏறிப் போனவர்களின் பெயர்கள் போகவில்லை.

எல்லா ஓவியர்களும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792, 1793-ம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் நேரில் பயணம் செய்தவர்கள். கடல் பக்கமிருந்து மதராஸ் கோட்டையை அவர்கள் வரைந்த படத்தில், கோட்டைக்கு முன்னால் அலைகளும் படகுகளும் இருக்கின்றன. வந்து பார்த்தவர்களின் கண்ணில் படகோட்டியும் பட்டிருக்கிறார். தளபதியின் குறிப்பை வைத்து வரைபவருக்கு, தளபதி பார்த்தது மட்டும்தான் கிடைக்கும்.

போர் முடிந்த பிறகும் ஒரு போர்

இந்தக் கதையின் கசப்பான பகுதி கடைசியில் வருகிறது. 1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்தார். 1783 ஜனவரி 20-ம் தேதி ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்ஸும் முதற்கட்ட சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆனால், செய்தி கப்பலில் வர வேண்டுமே! அது வந்து சேர்வதற்குள், சரியாக ஐந்து மாதம் கழித்து ஜூன் 20-ம் தேதி, ஹியூஸும் சுஃப்ரெனும் கடலூரில் ஐந்தாவது முறையாக மோதினார்கள். முடிந்துபோன போருக்காக மறுபடியும் மனிதர்கள் செத்தார்கள். செய்தி வந்து சேர்ந்தது அந்த மாதக் கடைசியில்தான்.

காரைக்கால் 1785-ல் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. பிறகும் கைமாறி, 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவோடு இணைந்தது. செர்ரெஸ் 1792-ல் ராயல் அகாடமியின் நூலகரானார். 1793-ல் லண்டனில் காலமானார். தந்தை வகித்த அரசரின் கடல் ஓவியர் பதவிக்கு மகன் ஜான் தாமஸ் செர்ரெஸ் வந்தார்.

இன்று மண்டபத்தூர்க் கடலில் ஃபைபர் படகுகள் ஓடுகின்றன. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி இந்தக் கிராமத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகு, கடலைப் பற்றி இங்கே சொல்வதற்கு இன்னும் நிறைய சேர்ந்திருக்கிறது. மண்டபத்தூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்து 'கடலை வரையுங்கள்' என்று சொன்னால், அவர்கள் கரையில் நின்று பார்த்த கடலை வரைவார்கள். கிரீனிச் தொகுப்பில் இருக்கும் நாகப்பட்டினம் ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் அதுதான்.

அடுத்த ஜூலை 6 வரும்போது இந்தக் கரைப்பக்கம் போக நேர்ந்தால், மதியம் ஒரு மணிவரை இருந்து பாருங்கள். கச்சான் ஓய்ந்து, முகத்தில் கடல்காற்று படலாம். 1782-ல் 22 கப்பல்களைத் திருப்பியது அதுதான்!